மக்லூவா என்ற பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில் நெருப்பை உண்டாக்க யாருக்கும் தெரியாது. இருக்கிற நெருப்பை அணையாமல் காப்பாற்றத்தான் தெரியும். பறவையும் மிருகமும் மனிதனோடு ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேசினால் மட்டும் என்ன, கேட்கிறவன் கேட்க வேண்டுமே. இந்தக் கதை முழுக்க அந்தச் சங்கடம்தான்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, கடலுக்குள் வெகுதூரம் தள்ளி, ஸ்கார்வே என்று ஒரு தீவு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. நடுவில் பெரிய சதுப்புமேடு. மேட்டுக்குக் கிழக்கே ஊர். மேற்கே, அலை வந்து மோதுகிற கரையில், ஒரே ஒரு வீடு. அங்கே அடிக்கும் காற்றுக்குத் தீவில் பேருக்குக்கூட ஒரு மரம் நிற்காது. விறகுக்குப் பதிலாகச் சதுப்பில் கறுப்பு மண்ணைச் செங்கல் செங்கலாக வெட்டி, கோடையில் காயவைத்து எரிப்பார்கள். அது கொழுந்துவிட்டு எரியாது, புகைந்துகொண்டும் கனன்றுகொண்டும் கிடக்கும். வீட்டின் நடுவில் அடுப்பு, அடுப்பைச் சுற்றி மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் ஆடும் மாடும். குளிர்காலத்தை அப்படித்தான் தாண்டினார்கள்.

நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் ஒட்டிக்கொண்டு ஆயுள் முழுக்க நடமாடுகிறோம். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு வால் பின்பக்கம். அதில் 'மக்' என்று தொடங்குகிற பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. 'மக்' என்றால் மகன். கொல்லனின் மகன், தச்சனின் மகன் என்று பிழைப்பைச் சொல்லும் பெயர்கள் உண்டு. கோணல் மூக்கு, வழுக்கைத் தலை என்று பாட்டனாரின் அழகைப் பேரன் தலையில் கட்டிவிடும் பெயர்களும் உண்டு. அவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். 'மக்லூவா'வை அப்படிச் சொல்ல முடியாது. 'லூவா' என்றால் அந்தத் தீவின் பேச்சில் சாம்பல். சாம்பலின் மகன். ஒரு பச்சைப் பிள்ளைக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா? வைத்தார்கள். வைத்தவள் அந்தப் பிள்ளையின் சொந்த அத்தை.

நெருப்பு விஷயத்தில் ஸ்கார்வேக்காரர்களுக்குச் சில முறைகள் இருந்தன. படுக்கப் போகுமுன் வீட்டுப் பெண் கங்குகளை ஒன்றாகக் குவித்து, மேலே சாம்பலைப் போர்த்துவாள். காலையில் சாம்பலை விலக்கி ஊதினால் நெருப்பு விழித்துக்கொள்ளும். பிள்ளை பிறந்தால், அப்பன் அதை இரண்டு கையாலும் ஏந்தி, அடுப்புக்கு மேலாக அம்மாவிடம் நீட்டிப் பெயரைச் சொல்வான். நெருப்பைத் தாண்டி வந்த பிள்ளைக்குத்தான் பெயர் உண்டு. பெயர் வாங்காமல் செத்துப்போன பிள்ளையை ஊர் இடுகாட்டில் சேர்க்க மாட்டார்கள். சதுப்பின் ஓரத்தில் எங்காவது புதைத்துவிட்டு, அப்படி ஒன்று பிறக்கவே இல்லை என்பதுபோல இருந்துவிட வேண்டும். வாய்விட்டு அழக்கூட வழியில்லை. என்ன பெயர் சொல்லி அழுவது?

இன்னொரு முறையும் உண்டு, எல்லாவற்றையும்விடக் கண்டிப்பானது. வருடத்தின் முதல் நாள் எந்த வீட்டு நெருப்பும் வாசலைத் தாண்டக் கூடாது. அன்றைக்கு ஒரு கங்கு வெளியே போனால் அதோடு வீட்டில் ஓர் உயிரும் போய்விடும் என்று நம்பினார்கள். எந்த உயிர் லேசாகத் தொங்கிக்கொண்டிருக்கிறதோ அதுதான் போகும். மற்ற நாளெல்லாம் யார் கேட்டாலும் அள்ளிக் கொடுப்பவர்கள், அந்த ஒரு நாள் பெற்ற தாய் வந்து நின்றாலும் கொடுக்க மாட்டார்கள்.

ஊரில் டோர்மட் வீட்டு நெருப்புதான் மூத்தது. அவனுடைய முப்பாட்டன் எங்கிருந்தோ படகில் சட்டியோடு கொண்டுவந்த நெருப்பு அது. மற்ற வீடுகளில் எரிவதெல்லாம் அதிலிருந்து வாங்கியதுதான். டோர்மட் கஞ்சனில்லை. மழையில் அடுப்பு அணைந்துபோனதென்று யார் வந்தாலும், சாப்பிடுகிற கையோடு எழுந்து கங்கு எடுத்துக் கொடுப்பான். அவனுக்கு ஒரே தங்கை, மொராக். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன்தான். மேற்குக் கரையில் தனியாக வீடு கட்டியிருந்த ருவாரி என்ற மீனவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தான். கட்டிக்கொடுத்த அன்று, தன் அடுப்பிலிருந்து ஒரு சட்டி நெருப்பை எடுத்துக்கொண்டு, சதுப்பைச் சுற்றி நடந்துபோய் அவள் அடுப்பில் தன் கையாலேயே போட்டுவிட்டு வந்தான். அந்தச் சட்டியை வழியில் வேறு யாரையும் தொட விடவில்லை என்று ஊரில் கேலி பேசினார்கள்.

மொராக் நிறைமாதமாக இருந்த குளிர்காலத்தில், ருவாரி உலர்ந்த மீனைக் கொடுத்து ஓட்ஸ் வாங்கி வர ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்குப் படகெடுத்துப் போனான். கடல் கெட்டுப்போயிற்று. அவனால் திரும்ப முடியவில்லை. அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது, ஆண் பிள்ளை. டோர்மட்டின் மனைவி பீதாக்தான் போய்ப் பிரசவம் பார்த்தாள். அப்பனுக்காகக் காத்திருக்காமல் நீயே நெருப்பைத் தாண்ட வைத்துப் பெயரைச் சொல்லிவிடு என்று பீதாக் சொல்லிப் பார்த்தாள். மொராக் கேட்கவில்லை. அவர் வாயால் சொல்லட்டும், மனதில் ஏதோ பெயர் வைத்திருக்கிறார் என்று சிரித்தாளாம். இரண்டு பெண்களும் அதற்குமேல் அதைப் பேசவில்லை. பீதாக்குக்கும் வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. ஐவர் என்ற அவளுடைய சின்ன மகனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது.

வருடத்தின் கடைசி நாள் கிளம்பிய காற்று, முதல் நாள் விடியும்போது மொராக் வீட்டுக் கூரையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஈரப்பனி கொத்துக்கொத்தாக அடுப்பில் விழுந்தது. பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு, அடுப்பின்மேல் ஆட்டுத்தோலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். தோலையும் காற்று பறித்துக்கொண்டது. கையால் பொத்தினாள். கை சுட்டதுதான் மிச்சம். நெருப்பு சீறி, புகைந்து, அணைந்துவிட்டது.

அவள் வீட்டுக்கு அடிக்கடி வருகிற பறவை ஒன்று இருந்தது. கடலோரச் சேற்றில் மூக்கை விட்டுப் புழு தேடுமே, அந்த நீளமூக்குப் பறவை. அப்போது அதன் மூக்கு ஊசிபோல நேராக இருந்தது. சேறு உறைந்துபோகிற நாட்களில் மூக்கு இறங்காது, பட்டினிதான். மொராக் தன் கஞ்சியில் கொஞ்சம் அதற்கு வைப்பாள். அது அடுப்போரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஊர்க்கதை பேசிவிட்டுப் போகும். அன்றைக்கு உடைந்த கூரை வழியாக உள்ளே வந்தது. பார்த்ததும் புரிந்துகொண்டது.

"நான் போய்க் கங்கு வாங்கிட்டு வரேன்" என்றது. "நுனியில கவ்விக்குவேன். என் மூக்குதான் நீளமாச்சே, முகத்துல சுடாது."

"இன்னிக்கு முதல் நாள்" என்றாள் மொராக். "யாரும் தர மாட்டாங்க. அண்ணன் தருவார். அவர்கிட்ட போ."

பிள்ளை அதற்குள் அழுவதை நிறுத்தியிருந்தது. அழுகிற குளிரைவிட அழாத குளிர் மோசம் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானே நடக்கலாம் என்றால், சதுப்பில் பள்ளம் எது மேடு எது என்று தெரியாதபடி பனி மூடியிருந்தது. அந்தக் காற்றில் ஓர் ஆண்பிள்ளைகூடக் கடக்க முடியாது. பிரசவித்த உடம்போடு அவள் எங்கே போவாள்?

பறவை மேட்டைத் தாண்டிப் பறந்து வந்தது. அண்ணனிடம் போ என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் டோர்மட் வீடு ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. கொஞ்சம் பக்கத்தில் கிடைத்தால் சீக்கிரம் திரும்பலாமே என்று அது முதலில் எதிர்ப்பட்ட கதவுகளைத் தட்டியது. யாரும் அதை விரட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒரு வீட்டில் மீன்துண்டு கொடுத்தார்கள். ஐயோ பாவம் என்றார்கள். நாளைக்கு விடியட்டும், நாங்களே சட்டியோடு போகிறோம் என்றார்கள். மனதாரத்தான் சொன்னார்கள். இன்றைக்கு வேண்டும் என்று பறவை சொன்னபோது மட்டும், எல்லா வீட்டிலும் ஒரே பதில் வந்தது. அவளுக்குத்தான் கூடப்பிறந்தவன் இருக்கிறானே, அவன் இருக்கும்போது நாங்கள் முந்திக்கொண்டு கொடுப்பது சரியில்லை. மறுப்பதற்கு இவ்வளவு மரியாதையான ஒரு வழி இருக்கிறது என்று அதுவரை பறவைக்குத் தெரியாது.

டோர்மட் வீட்டுக்குள் அது நுழைந்தபோது அப்பன் ஐவரைத் தன் மடியில் போட்டிருந்தான். அடுப்புக்கு எவ்வளவு பக்கம் உட்கார முடியுமோ அவ்வளவு பக்கம் உட்கார்ந்திருந்தான். பையனுக்குக் கண் மேலே செருகியிருந்தது. பீதாக் நனைத்த துணியைப் பிழிந்து பிழிந்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்குத் தாண்டாது என்று இருவருக்கும் உள்ளுக்குள் தெரியும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பறவை விஷயத்தைச் சொன்னது. கேட்டுக்கொண்டிருந்த டோர்மட்டுக்கு முகம் செத்துவிட்டது. நடந்துபோய் அவளைக் கூட்டிவருகிறேன் என்றான். நீ பனியில் நீந்தி வருவதற்குள் முடிந்துவிடும் என்றது பறவை. கம்பளி இருக்கிறது, தோல் இருக்கிறது, எடுத்துப் போ என்றான். என்னால் தூக்க முடிவது ஒரு கங்கைத்தான் என்றது.

"இன்னிக்கு மட்டும் கேக்காதே" என்றான் டோர்மட்.

"இன்னிக்குத்தானே அணைஞ்சிருக்கு."

"நாளைக்கு என் வீட்டு நெருப்பு மொத்தத்தையும் எடுத்துக்கோ. அடுப்பையே பெயர்த்துத் தரேன்."

"அந்தப் பிள்ளையும் உன் ரத்தம்தான் டோர்மட்."

"தெரியும்" என்றான். "இது என் மடியில இருக்கு."

மடியில் இருக்கும் பிள்ளை மூச்சுவிடுவது அவன் தொடையில் தெரிகிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளையின் முகத்தை அவன் பார்த்தது கூட இல்லை. அவனை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவன் நிலையில் நானும் நீங்களும் வேறு என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன்.

பீதாக் கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. துணியைப் பிழிந்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பறவை சட்டென்று எட்டி, அடுப்போரத்தில் கிடந்த ஒரு கங்கை மூக்கு நுனியில் கவ்விக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தது.

டோர்மட் பிள்ளையைக் கீழே விட்டுவிட்டுத் தாவினான். யோசித்துச் செய்ததில்லை. கதவு நிலையில் வைத்து அதைப் பிடித்துவிட்டான். கங்கை விடு, விடு என்று கத்தினான். அது விடவில்லை. கங்கின் சூட்டில் அந்த நீள மூக்கு கொல்லன் உலையில் வைத்த கம்பிபோல இளகியிருந்தது. அவன் அதைக் கையால் பற்றிக் கீழ்நோக்கி முறுக்கினான். மூக்கு வளைந்தது. கங்கு உள்ளே விழுந்தது, வாசலுக்கு இந்தப் பக்கம். டோர்மட் அதைக் கையிலேயே பொறுக்கிக் கொண்டுபோய் அடுப்பில் போட்டான். உள்ளங்கை வெந்துபோனது அவனுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

வளைந்த மூக்கோடு பறவை ஏதோ சொல்லப் பார்த்தது. சொல் வரவில்லை. நீளமாக ஒரு சத்தம்தான் வந்தது, மேலே ஏறி ஏறிப் போய் உடைகிற சத்தம். அது மேற்கே பறந்துபோயிற்று.

அதன் பிறகு டோர்மட் வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெறுங்கையோடு சதுப்புமேட்டில் ஏறினான். இடுப்பளவு பனி. மத்தியானத்திலேயே இருட்டிவிடுகிற பருவம் அது. ஒரு பள்ளத்தில் விழுந்து, எழுந்து, திசை தெரியாமல் சுற்றி, கடைசியில் ஊர்ப் பக்கமே வந்து சேர்ந்தான். நெருப்பில்லாமல் அங்கே போய் என்ன செய்வதாக இருந்தான் என்று பீதாக் கேட்கவில்லை.

பையனுக்கு விடிவதற்கு முன் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். கொடுமை என்றால் இதுதான். பையன் செத்திருந்தால், நெருப்பைப் பிடித்து வைத்ததில் பலனில்லை என்று டோர்மட் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். பிழைத்துவிட்டான். நெருப்பு வெளியே போகாததால் பிழைத்தானா, எப்படியும் பிழைத்திருப்பானா என்று இனி யார் சொல்ல முடியும்?

காற்றும் ஓய்ந்திருந்தது. டோர்மட் பெரிய சட்டி நிறையக் கங்கை அள்ளி, மூடி, வெந்த கையில் துணி சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தான். வெளியே மொராக் நின்றிருந்தாள். வெளிச்சம் வந்ததும் சதுப்பைத் தாண்டி நடந்து வந்திருக்கிறாள். மார்பில் கம்பளி மூட்டை. அது அசையவில்லை.

"இதோ, உன்கிட்டதான் கிளம்பிட்டேன்" என்று சட்டியை நீட்டினான்.

அவள் சட்டியைப் பார்க்கவே இல்லை.

"பறவை வந்துச்சு" என்றாள். "அதுக்குப் பேச வரல. மூக்கைப் பார்த்தேன். புரிஞ்சுபோச்சு."

பீதாக் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். மொராக் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அடுப்பின் அருகே போனாள், ஆனால் உட்காரவில்லை. அடுப்போரம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஐவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பையன் அத்தையைப் பார்த்துச் சிரித்தான்.

"பிழைச்சுட்டான்" என்றாள் மொராக். அது கேள்வி இல்லை. "நல்லது அண்ணா. உண்மையாத்தான் சொல்றேன். ரெண்டும் போயிருந்தா இன்னும் மோசம்."

டோர்மட் மண்டியிட்டுவிட்டான். என்னை அடி, திட்டு என்று என்னென்னவோ சொல்லி அழுதான். அவள், தன் பிள்ளைக்குப் பெயர் இல்லை என்றாள். அதன் அப்பன் மனதில் என்ன பெயர் வைத்திருந்தான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இனி அதைச் சதுப்போரம்தான் புதைக்க வேண்டும். யாரும் அதை நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"நெருப்பைத்தானே வெளிய குடுக்கக் கூடாது, அண்ணா?" என்று கேட்டாள். "சாம்பலைக் குடுக்கலாமா?"

டோர்மட் தலையை ஆட்டினான்.

மொராக் குனிந்து அடுப்போரத்திலிருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்தாள். நம் ஊரில் பெரியவர்கள் குழந்தையின் நெற்றியில் நீறு பூசினால் அது ஆசி. மொராக் ஐவரின் நெற்றியில் பூசியதை என்னவென்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தில் கோபம் இல்லை. தாய் பிள்ளைக்குத் தலைவாருகிற கவனத்தோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பூசினாள்.

"என் பிள்ளை பேரில்லாம போறான். அவனுக்குச் சேர வேண்டிய பேரை உன் பிள்ளை சுமக்கட்டும்" என்றாள். "மக்லூவா. இவன் பிள்ளைக்கும் அதுதான், அதோட பிள்ளைக்கும் அதுதான். கூப்பிடும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் என் பிள்ளையை நினைச்சுக்கட்டும்."

அப்புறம் மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள். டோர்மட் பின்னாலேயே சட்டியோடு நடந்தான். அவள் வீட்டு அடுப்பில் அந்த நெருப்பைப் போட அவள் விடவில்லை. கடல் தெளிந்து ருவாரி திரும்பி வந்ததும், மனைவியைப் படகில் ஏற்றிக்கொண்டு எங்கோ போனான். அவன் வைக்க நினைத்திருந்த பெயரைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்தது ஊர் செய்த வேலை. அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கதவைத் திறந்து, பறவையை உட்கார வைத்து, மீன்துண்டு கொடுத்து, இல்லையென்று அனுப்பிய அத்தனை பேரும் அந்தப் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மொராக் கேட்டது தன் பிள்ளையை நினைத்துக்கொள்ளச் சொல்லி. ஊர் அந்தப் பெயரைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையை நினைக்கவில்லை. டோர்மட்டைத்தான் நினைத்தது. தங்கைக்கு நெருப்புக் கொடுக்காதவன் வீட்டுப் பையன், சாம்பல் வீட்டு ஆடு, சாம்பல் வீட்டுப் பாதை. தங்கள் பங்கையும் சேர்த்து அந்த ஒரு வீட்டு வாசலில் கொட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது ஊர்.

டோர்மட்டும் பீதாக்கும் அதன் பிறகு நெடுநாள் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினார்கள். கொடு என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன் என்றான் அவன். நீங்கள் ஒரு பார்வை பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றாள் அவள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பேசியதில் யாருக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை.

பறவையும் திரும்பப் பேசவில்லை. அதைப் பார்த்து மற்றப் பறவைகளும் மிருகங்களும் ஒவ்வொன்றாக மனிதனோடு பேசுவதை விட்டுவிட்டன. கேட்டதைக் கொடுக்காதவனைக்கூட மன்னிக்கலாம், கேட்ட வாயையே முறுக்குகிறவனிடம் என்ன பேச்சு என்று இருந்துவிட்டன. அந்த வளைந்த மூக்குக்காரன் குளிர்காலத்தில் நம் கோடியக்கரைச் சேற்றுக்கும் வருவதுண்டு. மாலையில் அது கத்துவதைக் கேட்டிருக்கிறேன். என்னால் நின்று கேட்க முடியவில்லை.

ஐவர் வளர்ந்தான். மகன் ஆளானதும், எப்படியாவது அந்தப் பெயரை உரித்தெறிந்துவிட டோர்மட் பார்த்தான். பெருநிலத்துக்குப் போய்விடு, அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது, டோர்மட்டின் மகன் என்று சொல்லிக்கொள், நல்ல பெயர்தானே என்றான். கெஞ்சினான் என்றே சொல்ல வேண்டும். அந்த ஒன்றையாவது மகனுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட அவனுக்கு ஆசை.

"அந்தச் சூட்டுல பிழைச்சவன்ப்பா நான்" என்றான் ஐவர். "அது அத்தை பிள்ளைக்குப் போக வேண்டிய சூடு. அவனை நினைக்கிறதுக்குன்னு இருக்கிற பேரையும் அவன்கிட்டேர்ந்து பறிச்சுக்கணுமா?"

டோர்மட் பிறகு கேட்கவில்லை. அடுத்து வந்த வருடத்தின் முதல் நாள் ஐவர், அப்பன் கண்முன்னாலேயே, அடுப்பிலிருந்த நெருப்பு முழுவதையும் ஒரு கங்குகூட மிச்சம் வைக்காமல் பெரிய சட்டியில் அள்ளிக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தான். வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினான். டோர்மட் தடுக்கவில்லை. கிழவன் கதவருகே உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருவரும் வரவில்லை. அந்த வீட்டு நெருப்பு இனி யாருக்கு வேண்டும்? சாயங்காலம் சட்டியில் கையை விட்டுப் பார்த்தான். சூடு இல்லை. ஊரில் மூத்த நெருப்பு அப்படித்தான் அணைந்தது. அடுத்த நாள் அந்த வீட்டார், தங்கள் வீட்டிலிருந்தே ஒரு காலத்தில் நெருப்பு வாங்கிப் போனவர்கள் வாசலில் நின்று, ஒரு கங்கு கேட்டு வாங்கி வந்தார்கள்.

அன்று முதல்தான் அந்தக் குடும்பத்துக்கு மக்லூவா என்ற பெயர் நிலைத்தது. எந்த ஊரில் இருந்தாலும், வருடத்தின் முதல் நாள் அந்தப் பெயர்க்காரர்கள் வீட்டு நெருப்பையெல்லாம் வாசலில் வைத்துவிட்டு, யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தே, கதவைத் திறந்துபோட்டுக் குளிரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.